கைப்பிடிச்சுவர்

மருந்து என்பது தமிழில் நம்பிக்கைக்குரிய சொல். பிணி நீங்கத் தருவது மருந்து. சிறு வயதில் அம்மா மடியில் கிடத்திப் புகட்டியது மருந்து. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. "இன்றைக்குக் கீழ்க்காட்டில் மருந்து அடிக்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னால், அங்கே பூச்சியைக் கொல்லும் நஞ்சைத் தெளிக்கிறார்கள் என்று பொருள். நஞ்சை நஞ்சென்று அழைக்காத நாக்கு, அதைத் தொடும் கையிலிருந்தும் அச்சத்தைப் போக்கிவிடுகிறது. மருந்துதானே என்று வெறுங்கையால் கலக்குகிறார்கள். மருந்துதானே என்று சோற்றுத்தூக்குக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள்.

ஏற்காட்டு மலையில் ஒரு தோட்டத்தின் கிடங்கில் 1979 முதல் 2012 வரை ரைட்டராகப் பணி செய்தவன் என்ற முறையில் இதை எழுதத் துணிகிறேன். சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் 1820-களில் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காலந்தொட்டு, தோட்டம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் கிடங்கும், கிடங்குக்குச் சாவியும், சாவிக்கு ஒரு பொறுப்பாளரும் உண்டு. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறும் லாரி எங்கள் வாசலில் நிற்கும்போது, அதில் என்னதான் இராது! கவாத்துக் கத்தி, மண்வெட்டி, சாக்குக் கட்டு, யூரியா மூட்டை, மண்ணெண்ணெய்ப் பீப்பாய், தொழிலாளருக்கு வழங்க வேண்டிய அரிசி. இவற்றோடு மயில்துத்தமும், சுண்ணாம்பும், பி.எச்.சி. தூளும்.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் போர்டோ கலவைக்கு. இலங்கையின் காப்பித் தோட்டங்களை 1869-க்குப் பின் அழித்து, அந்நாட்டையே தேயிலைக்கு மாற்றிய இலைத்துரு நோய்க்கு இன்றளவும் இதுவே காவல். பிரான்சின் போர்டோ நகரில் மில்லார்தே என்னும் அறிஞர் 1885-இல் உலகறியச் செய்த கலவை இது. நூறு லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ. இரும்புப் பாத்திரம் ஆகாது. கலக்கி முடித்ததும் துலக்கிய கத்தியொன்றைச் சற்று நேரம் உள்ளே வைத்து எடுப்போம். அலகில் செந்நிறமாகச் செம்பு படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகிவிடும் என்று அறிந்து இன்னும் சேர்ப்போம். இலை கருகக்கூடாது என்பதற்கு இத்தனை நுட்பமான சோதனை! அதே சுண்ணாம்பை நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும் துளி ஒருவன் கண்ணில் விழாதிருக்க, சாதாரணக் கண்ணாடி ஒன்று போதும். அது எங்கள் கிடங்கில் பல ஆண்டுகள் இல்லை. போர்த்துக்கல் நாட்டில் திராட்சைத் தோட்டங்களில் ஆண்டுக்கணக்காக இக்கலவையைத் தெளித்தவர்களின் நுரையீரலில் செம்பு படிந்து நோயுண்டானதை அந்நாட்டு மருத்துவர்கள் 1969-இல் எழுதினார்கள். அச்செய்தி எங்கள் மலைக்கு ஏறி வரவேயில்லை.

பி.எச்.சி. தூளின் கதை இதனினும் கொடிது. அராபிகாச் செடிக்குப் பெரும்பகை வெள்ளைத் தண்டுத்துளைப்பான். வண்டு பட்டையின் வெடிப்பில் முட்டையிடும். புழு தண்டுக்குள் குடைந்து செல்லும். ஏப்ரல், மே மாதங்களிலும், பின்பு அக்டோபருக்கு மேலும் வண்டு பறக்கும். அதற்கு முன்னே, முட்டையிட இடமின்றி, தண்டின் தளர்ந்த பட்டையைத் தேங்காய்நார்க் கையுறையால் தேய்த்து நீக்குவது முறை. அதன்பின் தூளைத் தண்ணீரில் கரைத்துத் தண்டில் பூசுவார்கள். பட்டையைத் தேய்க்கத் தோட்டம் கையுறை கொடுத்தது. தேய்த்துவிட்டு நஞ்சைப் பூசும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் துணியை முக்கிப் பூசினார்கள். மரத்திற்காக வந்த கையுறையன்றோ அது!

கிடங்கிலும் இப்படித்தான். காப்பிக் கொட்டை அக்கம்பக்கத்து வாடையை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். பி.எச்.சி.யின் முடைநாற்றம் ஏறிய காப்பியை எந்த வியாபாரியும் வாங்கமாட்டார். ஆகையால் பார்ச்மெண்ட் மூட்டைகளுக்கென்று காற்றோட்டமுள்ள தனியறை, தரையிலிருந்து உயர்த்திய மரப்பலகை, எலி புகாத வலை எல்லாம் இருந்தன. நஞ்சு அந்த அறைப்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. அது எங்கே இருந்தது? என் மேசை இருந்த அறையில், தொழிலாளரின் அரிசி மூட்டைக்கு எதிர்ச்சுவரில்.

என்னோடு பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்த உதவியாளர் ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவர், நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னை ரைட்டர் ஐயா என்பார். எவ்வளவு சொன்னாலும் அந்த ஐயாவை விடமாட்டார். தகரக் குவளையால் தூளை அள்ளித் தராசில் இட்டு, தாளில் பொட்டலம் கட்டிக் கொடுப்பது அவர் வேலை. புருவமெல்லாம் வெண்பொடி அப்பியிருக்கும். மூக்கை மூடத் தோளில் கிடக்கும் துண்டு. அதே துண்டால் முகத்தைத் துடைப்பார். அதிலேயே மதியச் சோற்றையும் முடிந்து வைப்பார். ஐம்பது வயதைத் தாண்டியதும் அவர் கைகள் நடுங்கத் தொடங்கின. தராசு முள் நிலைகொள்ளாமல் ஆடியதை நான்தான் முதலில் கண்டேன். மேலாளரிடம் சொன்னேன். "வயதாகிவிட்டது, களத்தில் காப்பி காயப்போடும் வேலைக்கு மாற்றிவிடலாம்" என்றார். மாற்றினார்கள். சில ஆண்டுகளில் அவர் இறந்துபோனார்.

அந்த நடுக்கத்திற்குத் தூள்தான் காரணம் என்று யாரும் நிறுவ முடியாது. நிறுவுவதற்கு ஓர் ஏடாவது வேண்டுமே! எந்த மூட்டை எந்த நாளில் வந்தது, எந்தக் காட்டுக்கு எத்தனை கிலோ போனது, மீதி எவ்வளவு என்பதற்கெல்லாம் என் கையெழுத்தில் முப்பத்து மூன்று ஆண்டுக் கணக்கு இருக்கிறது. தணிக்கையாளர் வந்தால் அரைக்கிலோ குறைவுக்கும் விளக்கம் கேட்பார். அந்தத் தூளை அள்ளியவரின் உடல் எப்படியிருந்தது என்பதற்கு ஒரு வரி கிடையாது.

இதற்குச் சட்டம் இல்லையோ என்று வாசகர்கள் எண்ணலாம். சட்டம் இருந்தது, அது பிறந்த கதையே ஒரு கிடங்கின் கதை. 1958-இல் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சாகி இறந்தார்கள். ஃபாலிடால் என்னும் பூச்சிக்கொல்லியோடு ஒன்றாக ஏற்றி வந்த கோதுமை மாவில் அது கசிந்து கலந்திருந்தது. அதைத் தொடர்ந்த விசாரணையின் பயனாகவே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-இல் அதன் விதிகளும் வந்தன. உணவுப் பொருளோடு நஞ்சைச் சேர்த்து ஏற்றலாகாது, வைக்கலாகாது. தனியறையிலோ, பூட்டிய அலமாரியிலோ வைக்க வேண்டும். கையாளுவோரை வேலைக்கு எடுக்குமுன்பும் பின்பு குறித்த காலங்களிலும் மருத்துவர் சோதிக்க வேண்டும். காப்புடையும் சுவாசக் காப்பும் தரவேண்டும். எல்லாம் 1971-இலேயே எழுதியாயிற்று. நான் வேலைக்குச் சேர்வதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே!

புட்டியின் மேல் சாய்சதுரம் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அடுத்தது, நீலம் அதற்கடுத்தது, பச்சை குறைந்தது. எழுத்தறியாதவரும் அறியட்டும் என்று வைத்த நிறங்கள். எங்கள் தெளிப்பாளர்களிடம் பச்சைக்குப் பொருள் கேட்டால், "இது செடிக்குப் பச்சை தரும் மருந்து" என்பார்கள். சிவப்பைக் கேட்டால், "இது நல்லா கேக்குற மருந்துங்க." யாரும் அவர்களுக்கு ஒருநாளும் சொல்லித் தராதபோது, நிறம் வேறென்ன பேசும்?

விவிலியத்தில் நான் அடிக்கடி திரும்பிப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. மறையுரைகளில் அதைக் கேட்டதாக நினைவில்லை. இணைச்சட்ட நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில், குருவிக் கூட்டைப் பற்றிய கட்டளைக்கு அடுத்து, புதுவீடு கட்டுகிறவனுக்கு ஒரு கட்டளை வருகிறது. மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். இல்லையேல் யாரேனும் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின் மேல் வரும். அக்காலத்தில் மாடி என்பது மக்கள் உறங்கவும், தானியம் உலர்த்தவும், வேலை செய்யவும் பயன்பட்ட இடம். இக்கட்டளை யாருக்குத் தரப்பட்டது என்று பாருங்கள். மாடியில் நடப்பவனைப் பார்த்து, கவனமாக நட என்று அது சொல்லவில்லை. கட்டுகிறவனைப் பார்த்துப் பேசுகிறது. விழுந்தவன் தூக்கக் கலக்கத்தில் விழுந்தானா, விளையாட்டில் விழுந்தானா என்று ஆண்டவர் விசாரிப்பதாகவும் இல்லை. சுவர் இருந்ததா என்பதே கேள்வி.

தோட்டங்களிலும் கிடங்குகளிலும் நான் கேட்டுப் புளித்துப்போன மறுமொழி, "கொடுத்தாலும் அவர்கள் போடமாட்டேன் என்கிறார்களே" என்பது. அது உண்மைதான். 1990-களின் தொடக்கத்தில் எங்களுக்கும் ஒரு பெட்டி நிறையக் காப்புக் கருவிகள் வந்தன. ஒரு வாரத்தில் எல்லாம் ஆணியில் தொங்கின. ஏன் போடவில்லை என்று நான் ஒவ்வொருவராகக் கேட்டேன். காலணி எல்லாம் ஒரே பெரிய அளவு. சரிவில் கால் வழுக்கி உள்ளேயே சுழன்றது. கையுறை தடித்தது, தெளிப்பானின் குமிழைத் திருக முடியவில்லை. முகமூடி போட்டுக்கொண்டு பதினாறு லிட்டர் சுமையோடு மேடு ஏறினால் மூச்சு முட்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூலி தொட்டிக் கணக்கில். போட்டுக் கழற்றி, கழுவி உலர்த்தும் நேரம் தொழிலாளியின் சொந்த நேரம். பிள்ளைகளின் சோற்றிலிருந்து எடுத்துத் தன் பாதுகாப்புக்குச் செலவிடு என்று ஒருவனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான்?

பின்னர் வந்த மேலாளர் ஒருவர், இளைஞர், அதிகம் பேசாதவர், மூன்று காரியம் செய்தார். தெளிப்பு நாளில் தொட்டிக் கணக்கை நிறுத்தி நாட்கூலியாக்கினார். கிடங்குக்குப் பின்னால் தகரக் கூரையிட்டு இரண்டு குளியலறையும், விறகடுப்பில் வெந்நீர் அண்டாவும் வைத்தார். ஏற்காட்டுக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளி என்றால் யாரும் குளிக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெளிப்பு உடையை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது, தோட்டமே துவைத்துத் தரும் என்றார். இம்மூன்றும் நடந்த பருவத்திலேயே ஆணிகள் காலியாயின. அறிவுரை ஒன்றும் புதிதாக வழங்கவில்லை. 2010-இல் தோட்டத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, நஞ்சைக் கையாளுவோருக்குக் குளியல் வசதியும், உடைமாற்றும் இடமும், மருத்துவப் பதிவேடும் தருவது உரிமையாளரின் கடமை என்று எழுதினார்கள். பழைய உதவியாளரை நினைத்துக்கொண்டேன்.

காப்புக் கருவியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் அரைகுறைக் கருவி சில வேளைகளில் வெறும் உடம்பைவிடக் கேடு. துண்டால் மூக்கைக் கட்டினால் தூள் ஓரளவு நிற்கும், ஆவி நிற்காது. துண்டு நனைந்துவிட்டாலோ, நஞ்சை உதட்டோடு ஒட்டவைத்துக் கட்டிக்கொண்டதற்குச் சமம். பருத்திக் கையுறையும் தோல் கையுறையும் அப்படியே. உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுதும் தோலில் ஊட்டும். நைட்ரைல் போன்ற இரசாயனம் புகாத கையுறையே தகும். அதையும் கழற்றுமுன் கையிலிருக்கும்போதே கழுவ வேண்டும். கால்சட்டையைக் காலணிக்குள் செருகாமல் வெளியே விடவேண்டும். இல்லையேல் வழியும் நீர் நேரே காலணிக்குள் இறங்கும். கரி வடிகட்டி பொருத்திய முகமூடிக்கு ஆயுள் உண்டு. உறையைப் பிரித்த நாளிலிருந்து, ஆணியில் தொங்கினாலும் அது காற்றிலுள்ளதை உறிஞ்சித் தீர்ந்துபோகிறது. எங்களுக்கு வந்த பெட்டியில் மாற்று வடிகட்டி ஒன்றுகூட இல்லை என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை.

காலிக் கேன்களால் எனக்கு ஏச்சுக் கிடைத்ததுண்டு. மும்முறை அலசி, கடப்பாரையால் அடியில் ஓட்டையிட்டு, குடியிருப்புக்கு அப்பால் குழிதோண்டிப் புதைப்பது வழக்கம். லயத்துப் பெண்கள் வேலியருகே நின்று பார்ப்பார்கள்.

"ஏனுங்க ரைட்டர் ஐயா, புதுசா இருக்கிற கேனை ஓட்டை போடுறீங்களே, உங்களுக்கே அடுக்குமா? தண்ணி மோந்து வெக்க ஆகுமில்லீங்க?"

"அது விஷம் இருந்த கேன் தாயி. எத்தனை கழுவினாலும் போகாது."

"மருந்துதானுங்களே."

கோபித்துக்கொண்டு போவார்கள். தண்ணீர்க்குடத்துக்கு அல்லாடுகிற வீட்டிற்கு அந்தக் கேன் எவ்வளவு பெரிய செல்வம் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கடப்பாரையை விடவில்லை. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெய் இருந்த கலத்தில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி இருந்ததைத் தடயவியல் சோதனை காட்டியது. நான் ஓய்வுபெற்ற மறு ஆண்டு அது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பூட்டின் அருமையும் பலருக்குத் தெரிவதில்லை. கலத்திலிருக்கும் நஞ்சு, மனம் உடைந்த ஒரு மாலைப்பொழுதில் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா இல்லையா என்பதில் உயிர்கள் தப்புகின்றன. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிச் சிற்றூர்களில், வீடுகளில் வைத்திருந்த பூச்சிக்கொல்லிகளை ஊர்ப் பொதுக்கிடங்கில் பூட்டிய பெட்டிகளுக்கு மாற்றும் முயற்சியை மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் சென்னை சிநேகா அமைப்பினரும் மேற்கொண்டார்கள். அங்கே தற்கொலைகள் குறைந்ததை அவர்கள் 2013-இல் எழுதியிருக்கிறார்கள். இலங்கை இன்னும் ஒருபடி மேலே சென்று, மிகக் கொடிய நஞ்சுகளை 1995-இலும் எண்டோசல்பானை 1998-இலும் விலக்கியது. பத்தாண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாயிற்று.

நம் நாட்டிலும் தடைகள் வந்தன. பி.எச்.சி. 1997-இல் போயிற்று. கேரளத்தின் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் இருபதாண்டுகளுக்கு மேல் வானிலிருந்து தெளித்து, மக்களைப் பெருந்துயரில் ஆழ்த்திய எண்டோசல்பானை உச்சநீதிமன்றம் 2011 மே மாதம் நிறுத்தியது. தடை வந்த மறுநாள், கிடங்கில் எஞ்சிய அரை மூட்டை எங்கே போகும்? விற்க முடியாது, தெளிக்க முடியாது, ஓடையில் கொட்டினால் பாவம். மூலையில் கிடக்கும், சாக்கு இற்றுப்போகும், அடுத்த ரைட்டருக்கு அது என்னவென்றே தெரியாது. பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் ஆறாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் 2020 ஆகஸ்ட் 4 அன்று வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோதுதான், சென்னை மணலியில் 2015 முதல் கிடந்த சுமார் 700 டன்னும் அவசரமாக நகர்ந்தது. எங்கள் அரை மூட்டைக்காக நான் எழுதிய கடிதங்கள் பதினொன்று. பன்னிரண்டாவதற்குத்தான் ஆள் வந்து எடுத்துப்போனார்கள்.

முகமூடியைவிட மேலான காவல், நஞ்சே வேண்டாமலிருப்பது. நிழல்மரம் அடர்ந்த காட்டில் தண்டுத்துளைப்பான் குறைவு. வெயில் விழும் இடத்தையே அது நாடும். வண்டைக் கவர்ந்து பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும், பத்து விழுக்காடு சுண்ணாம்புப் பூச்சும் இப்போது காப்பி வாரியத்தின் பரிந்துரையில் உள்ளன. மிளகு ஏற்றவும் மர விலைக்காகவும் நிழலைக் கண்டபடி வெட்டிவிட்டு, பின்பு நஞ்சுக்குப் பணம் தேடும் தோட்டங்களைக் காணும்போது எரிச்சல் வரத்தான் செய்கிறது.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றி 1981 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றுமடலில், உடல்நலத்திற்குக் கேடு விளைக்காத பணியிடம் தொழிலாளியின் உரிமை என்று, கூலியையும் ஓய்வையும் பேசும் அதே பகுதியில் சேர்த்தே எழுதினார். 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், உடல்நலம் பேணுவதை ஐந்தாம் கட்டளையின் கீழ் வைக்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்திற்கு ஆயத்தம் செய்யும்போது அக்கட்டளையை விரைவாகக் கடந்துவிடுகிறோம். நாம் யாரையும் கொல்லவில்லையே!

ஓய்வுக்குப்பின் கீழே இறங்கி வந்து ஒரு பங்கில் குடியிருக்கிறேன். பங்கின் பள்ளியில் கழிவறை கழுவும் அம்மா ஒருவர், ஆசிட்டைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி, பிளீச்சிங் பவுடர் வாளிக்குள்ளேயே செருகி வைத்திருந்தார். இரண்டும் கலந்தால் எழும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. தலைமையாசிரியைச் சகோதரியிடம் சென்று சொன்னேன். சகோதரி பொறுமையாகக் கேட்டார்கள். "இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே" என்றார்கள். மறுவாரம் ஆசிட்டுக்கு ஓர் அலமாரியும் பவுடருக்கு வேறோர் அலமாரியும் வந்தன. இரண்டுக்கும் பூட்டு, மேலே தமிழில் நஞ்சு என்று பெரிய எழுத்து. கையுறை வாங்கச் சென்றவரிடம் அந்த அம்மாவையும் கடைக்கு அழைத்துப் போகச் சொன்னேன், அளவு பார்த்து வாங்க.